நழுவும் என்பும் பிந்தும் சிகிச்சையும்: சப்பிரகமுவத் தோட்டச் சிறுவரை முன்வைத்து ஒரு நோக்கு

1. முன்னுரை

தமிழிலக்கியம் பயின்றவன் இடுப்பு மூட்டின் சத்திரசிகிச்சை பற்றி எழுதப் புகுதல் பொருந்துமோ என்னும் வினா வாசகரிடையே எழலாம். நோய் உடலில் நிகழ்வது. ஆயின் அந்நோய் எப்பொழுது அறியப்படுகின்றது, எவரால் அறியப்படுகின்றது, எந்தச் சொல்லால் உரைக்கப்படுகின்றது என்பன சமூகத்தில் நிகழ்வன. பிரெடெரிக் எங்கெல்ஸ் 1845ஆம் ஆண்டு வெளியிட்ட ‘இங்கிலாந்தில் தொழிலாளி வர்க்கத்தின் நிலை’ என்னும் நூலில், ஆலைகளில் நெடுநேரம் நின்று வேலை செய்த சிறுவரின் முதுகென்பும் காலென்புகளும் வளைந்து போனமையை வைத்தியர்களின் சாட்சியங்களைக் கொண்டு எடுத்துக்காட்டினார். 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்தில், வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில், மட்பாண்டத் தொழிலாளரின் நோய்களைக் கூறுமிடத்து மார்க்ஸும் வைத்திய அறிக்கைகளையே ஆதாரமாகக் கொண்டார். வளரும் பிள்ளையின் என்பைச் சமூகச் சான்றாகவும் வாசிக்க இயலும் என்பதற்கு இவை முன்மாதிரிகளாகும்.

கட்டிளமைப் பருவத்தினருக்கு ஏற்படும் தொடையென்புத் தலை நழுவல் என்னும் நோயையும், அதற்குரிய சத்திரசிகிச்சையையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்விளக்கம் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களை மனத்திற்கொண்டு எழுதப்படுகின்றது. மலையகம் பற்றிய ஆய்வுகளில் சப்பிரகமுவத் தோட்டங்கள் பெரும்பாலும் ஓரத்திலேயே நிற்பன. நுவரெலியாவைப் போன்று தமிழ்த் தொழிலாளர் செறிந்து வாழும் நிலப்பரப்பு இங்கில்லை. பலாங்கொடை, இறக்குவானை, கஹவத்தை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை முதலிய இடங்களில் இறப்பர், தேயிலைத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பல குடும்பங்களை இந்தியாவுக்கு அனுப்பியது. 1981 ஆகஸ்ட் மாதத்து வன்செயல்கள் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களைத் தாக்கி மேலும் பலரை இடம்பெயரச் செய்தன. எஞ்சியோர் எண்ணிக்கையிற் சிறியோர். அவர்களின் நோய்கள் பற்றிய எழுத்து அதனினும் சிறிது.

இந்நோயிற் சத்திரசிகிச்சை சிறியதாக அமையுமா பெரியதாக அமையுமா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது காலம். அக்காலத்தை நீட்டுபவை உடலுக்கு வெளியே உள்ளன என்பதே இங்கு நிறுவ முற்படும் கருத்தாகும்.

2. மூட்டின் அமைப்பும் நழுவலின் தன்மையும்

தொடையென்பின் மேல்முனையில் உருண்டையான தலையொன்று உண்டு. அது இடுப்பென்பிலுள்ள கிண்ணம் போன்ற குழியில் அமர்ந்து சுழல்கின்றது. தலையைத் தொடையென்பின் தண்டுடன் இணைப்பது கழுத்து. வளரும் வயதில் தலைக்கும் கழுத்துக்கும் இடையே கசியிழையத்தாலான மெல்லிய படையொன்று இருக்கும். இதனை வளர்தட்டு என்பர். என்பு நீள்வதற்கு இத்தகைய தட்டுகளே காரணம். வளர்ச்சி முடிவுற்றதும் தட்டு என்பாக மாறித் தலையும் கழுத்தும் ஒன்றாகிவிடும். அதுவரையில் இவ்விடமே மூட்டின் மெலிந்த இடமாகும்.

கட்டிளமையில் உடல் விரைந்து உயர்கின்றது. ஓமோன்களின் மாற்றத்தால் வளர்தட்டு தடித்து வலிமை குன்றுகின்றது. அதே காலத்திற் பாரமும் கூடுகின்றது. தட்டின் சாய்வு நிலைக்குத்தாக மாறுவதால், பாரம் தட்டை அழுத்துவதோடு அமையாது வழுக்கித் தள்ளவும் செய்கின்றது. ஒரு கட்டத்தில் தட்டின் வழியே தலையும் கழுத்தும் பிரிந்து விலகுகின்றன. சிரட்டை அகப்பையை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். சிரட்டை பானைக்குள் இருந்தவாறே இருக்க, அதிற் செருகிய காம்பு தளர்ந்து திரும்பிவிடுவது போன்றது இது. தலை குழிக்குள்ளேயே நிற்கும். கழுத்தே முன்னும் மேலுமாக நகர்ந்து வெளிப்புறம் திரும்பும். ஆதலால் கதிர்ப்படத்தில் தலையானது கழுத்துக்குப் பின்னும் கீழுமாகச் சரிந்தது போலத் தோன்றும்.

இந்நோய் பெண்பிள்ளைகளில் பெரும்பாலும் 11, 12 வயதளவிலும் ஆண்பிள்ளைகளில் 12 முதல் 14 வயதளவிலும் காணப்படுகின்றது. ஆண்பிள்ளைகளிடையே கூடுதலாக உண்டு. பூப்பெய்திய பின்னர்ப் பெண்பிள்ளைகளுக்கு இது அரிது. உடற்பருமன் மிகுந்தோர், தைரொயிட்டுச் சுரப்பி குன்றியோர், நெடுநாட் சிறுநீரக நோயுடையோர், வளர்ச்சி ஓமோன் சிகிச்சை பெறுவோர் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். ஒருபுறம் நழுவியவர்களுள் கணிசமான பங்கினருக்கு மறுபுறமும் பின்னர் நழுவுகின்றது.

இது புதிய நோயன்று. பிரெஞ்சுச் சத்திர வைத்தியர் அம்புறுவாஸ் பாரே 16ஆம் நூற்றாண்டிலேயே இதனைக் குறிப்பிட்டுள்ளார். எனினும் 1895இல் எக்ஸ் கதிர் கண்டறியப்பட்ட பின்னரே, நடமாடும் பிள்ளையொன்றின் மூட்டில் நிகழும் நழுவலைக் கண்ணாற் காண்பது இயல்வதாயிற்று.

3. நோவின் இடமும் நோயின் இடமும்

இந்நோயின் பெருஞ்சிக்கல் அது தன்னிருப்பிடத்தை மறைப்பதாகும். தொடையிடுக்கில் நோவு இருத்தல் இயல்பு. ஆயினும் பல பிள்ளைகள் தொடையின் முன்புறத்தையோ முழங்காலையோ சுட்டிக்காட்டுவர். சிலருக்கு முழங்காலைத் தவிர வேறெங்கும் நோவு தெரிவதில்லை. இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் உணர்வை வழங்கும் நரம்புகள் சில பொதுவானவை. இடுப்பிலெழும் நோவை முழங்காலினதாக உணர்தல் இதனால் நேர்கின்றது. வைத்தியரும் முழங்காலையே அழுத்திப் பார்த்து, முழங்காலுக்கே கதிர்ப்படம் எடுத்து, குறையேதும் இல்லையென அனுப்பிவிடும் வாய்ப்பு இங்கு உண்டு. வளமிக்க நாடுகளின் வைத்திய நூல்களும் இத்தவற்றைக் குறித்து மாணவரை எச்சரிக்கின்றன என்பது மனங்கொள்ளத்தக்கது.

சரியான இடத்தைக் காட்டும் அடையாளங்கள் எளியவை. பிள்ளை நொண்டி நடக்கும். நடக்கையிற் பாதம் வெளிப்புறம் திரும்பியிருக்கும். மல்லாக்காகப் படுக்கவைத்துத் தொடையை வயிற்றை நோக்கி மடக்கினால், அது நேரே மடங்காமல் வெளிப்புறம் விலகிச் செல்லும். தொடையை உட்புறம் திருப்ப முயன்றால் அது திரும்பாது, அல்லது நோகும். நாளடைவில் அக்கால் சற்றுக் குட்டையாகவும் தோன்றும். இவற்றைக் காண்பதற்கு எக்கருவியும் வேண்டுவதில்லை.

ஐயம் எழுந்தவுடன் இரு இடுப்புகளையும் ஒருங்கே காட்டும் கதிர்ப்படங்கள் இரண்டு வேண்டும். ஒன்று முன்னிருந்து எடுப்பது. மற்றையது தவளையைப் போன்று தொடைகளை மடக்கி விரித்துப் பக்கவாட்டுத் தோற்றம் பெறுவது. சிறிய நழுவல் முதலாவது படத்திற் புலப்படாது இரண்டாவதிலேயே புலப்படலாம். கால் ஊன்ற இயலாத பிள்ளையின் தொடையை இதற்கென வலிந்து விரித்தல் ஆகாது.

1993ஆம் ஆண்டு அமெரிக்க என்புச் சத்திர வைத்தியர் லோடரும் அவர்தம் குழுவினரும் வகுத்த பாகுபாடு இன்றும் வழக்கிலுள்ளது. ஊன்றுகோலுடனேனும் நடக்கக் கூடிய பிள்ளையின் நழுவல் உறுதியானது. ஊன்றுகோலுடனும் நடக்க இயலாத பிள்ளையின் நழுவல் உறுதியற்றது. அவர்கள் ஆராய்ந்த 55 இடுப்புகளுள் உறுதியற்றவை 30. அவற்றுள் 14இல் தொடையென்புத் தலை குருதியோட்டம் அற்று இறந்தது. உறுதியான 25இல் ஒன்றேனும் அவ்வாறு ஆகவில்லை. நடக்கக் கூடிய நிலைக்கும் நடக்க முடியாத நிலைக்கும் இடைப்பட்ட வேறுபாடு எத்துணைப் பெரிது என்பதை இவ்வெண்கள் உணர்த்தும். நொண்டியபடி நடந்து திரியும் பிள்ளை, இடறி விழும் ஒருநாளிலோ படியிறங்கும் ஒரு கணத்திலோ முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்குத் தள்ளப்படலாம்.

4. சத்திரசிகிச்சை முறைகள்

நழுவல் உறுதிப்பட்ட அன்றே பிள்ளை நடத்தலை நிறுத்திப் படுக்கையிலோ சக்கர நாற்காலியிலோ வைக்கப்பட்டு வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட வேண்டும். வீட்டுக்குச் சென்று அடுத்த வாரம் வருமாறு கூறத்தக்க நோயன்று இது. மருந்தோ தைலமோ கட்டோ நழுவலை நிறுத்தமாட்டா. முற்காலத்தில் இடுப்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டுப் போட்டுப் பல வாரங்கள் கிடத்தும் வழக்கம் இருந்தது. அது படுக்கைப் புண்ணையும் மூட்டின் கசியிழையம் தேய்ந்தழிதலையும் விளைவித்தமையாற் கைவிடப்பட்டது. நழுவிய தலையை வலிந்து இழுத்துப் பழைய இடத்தில் இருத்தும் முறையும் குருதிக் குழாய்களைக் கிழித்துத் தலையைச் சாகச் செய்தமையால் விலக்கப்பட்டது.

உறுதியான நழுவலுக்கு இன்று பெரிதும் கையாளப்படுவது, நழுவிய இடத்திலேயே தலையைத் திருகாணியொன்றால் நிலைநிறுத்தும் முறையாகும். பிள்ளை மயக்க மருந்தின் கீழ் இருக்க, அசையும் எக்ஸ் கதிர்க் கருவியின் திரையைப் பார்த்தவாறு சத்திர வைத்தியர் தொடையின் முன்புறத்தில் ஏறத்தாழ விரலகலமுள்ள சிறு வெட்டொன்றை இடுவார். அதன் வழியே மெல்லிய வழிகாட்டிக் கம்பி கழுத்தினூடாகவும் வளர்தட்டினூடாகவும் தலையின் நடுவை நோக்கிச் செலுத்தப்படும். தலை பின்புறம் சரிந்திருப்பதால், கம்பி கழுத்தின் முன்பக்கத்திலிருந்து புகுதல் வேண்டும். கம்பி நடுவில் நிற்பதை இரு தோற்றங்களிலும் உறுதிசெய்த பின், நடுவே துளையுள்ள உருக்குத் திருகாணி அக்கம்பியின் மேலாக ஏற்றப்பட்டு முடுக்கப்படும். பின்னர்க் கம்பி உருவப்படும். திருகாணியின் நுனி தலையைத் துளைத்து மூட்டுக்குள் நீட்டிக்கொண்டிருத்தல் கூடாது. நீட்டினால் கசியிழையம் அழியும். முன்னாளிற் பல ஆணிகள் அறையப்பட்டபோது இத்தீங்கு மிகுதியாக நேர்ந்தது. உறுதியான நழுவலுக்கு நடுவில் நிற்கும் ஒரு திருகாணியே போதும் என்னும் முடிவுக்கு வைத்தியவியல் வந்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

திருகாணி தலையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவதில்லை. மேலும் நழுவாமற் பிடித்து வைத்து, வளர்தட்டு விரைவில் என்பாக மூடிவிடச் செய்கின்றது. அவ்விடத்தில் வளர்ச்சி நின்றுவிடுவதால் கால் சிறிது குட்டையாகலாம். ஆயினும் காலின் வளர்ச்சியிற் பெரும்பங்கு முழங்காலைச் சூழ்ந்த தட்டுகளால் நிகழ்வதாகலின், இவ்விழப்பு பொதுவாகத் தாங்கத்தக்கது. சில வாரங்கள் ஊன்றுகோலுடன் நடந்த பின் பிள்ளை பாடசாலைக்குத் திரும்பலாம். ஓமோன் குறைபாடு உள்ளோருக்கும் வயதிற் மிக இளையோருக்கும் மறுபுற இடுப்பிலும் முற்காப்பாகத் திருகாணி இடுதல் உண்டு. ஏனையோருக்கு வளர்ச்சி முடியும்வரை மறுபுறத்தைக் காலத்துக்குக் காலம் கதிர்ப்படத்தால் கண்காணித்தல் வேண்டும்.

உறுதியற்ற நழுவல் அவசர நிலையாகும். அதனைத் தாமதமின்றி, வலிந்து இழுக்காமல், மென்மையாக நிலைப்படுத்தி, மூட்டினுள் தேங்கிய குருதியின் அழுத்தத்தைத் தணித்துத் திருகாணி இடுவர். இத்தனையும் செய்தும் தலை இறந்துபோகும் ஆபத்து நீங்குவதில்லை.

பெரிதும் நழுவி நெடுநாள் கடந்தவர்க்கு உரிய சிகிச்சை வேறு. தலைக்கும் தண்டுக்கும் இடைப்பட்ட கோணத்தை மறுபுறத்தோடு ஒப்பிட்டு, 30 பாகைக்குக் குறைந்ததைச் சிறு நழுவல் என்றும் 50 பாகைக்கு மேற்பட்டதைப் பெருநழுவல் என்றும் வகுப்பர். பெருநழுவலில் காலின் திருகலைத் திருத்த என்பையே வெட்டிக் கோணம் மாற்ற வேண்டியிருக்கலாம். டன் என்பவர் 1964இல் கழுத்துப் பகுதியில் வெட்டித் திருத்தும் முறையையும், சவுத்விக் என்பவர் 1967இல் அதற்குக் கீழே தண்டின் தொடக்கத்தில் வெட்டித் திருத்தும் முறையையும் வெளியிட்டனர். சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரைச் சேர்ந்த கான்ஸ், தலைக்குச் செல்லும் குருதிக் குழாய்களைக் காத்தவாறே மூட்டைத் திறக்கும் முறையை 2001இல் வெளியிட்டார். அதனைப் பின்பற்றி டன் முறை திருத்தியமைக்கப்பட்டது. இவை மிகுந்த பயிற்சியும் கருவிகளும் வேண்டி நிற்கும் பெருஞ் சத்திரசிகிச்சைகள். குருதியோட்டம் அற்றுப்போகும் ஆபத்து இவற்றில் எப்பொழுதும் உடனிருக்கும். சிகிச்சை பெறாதவர்களின் மூட்டு காலப்போக்கில் தேய்ந்து, வேலை செய்யும் வயதிலேயே செயற்கை மூட்டை வேண்டி நிற்கும்.

ஒரு திருகாணிக்கும் என்பு வெட்டித் திருத்தலுக்கும் இடையே நிற்பது பெரும்பாலும் கடந்துபோன சில மாதங்களேயாகும்.

5. மிகையும் குறையும்

மேலை நாட்டு நூல்கள் இந்நோயை உடற்பருமனோடு இணைத்தே பேசுகின்றன. இதனாற் பருத்த பிள்ளையைக் கண்டால் ஐயுறுவதும், மெலிந்த பிள்ளையை ஐயுறாது விடுவதும் நிகழலாம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மாதுரியும் உடன் ஆய்வாளரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையிற் கவனத்துக்குரியது. தொடையென்புத் தலை நழுவிய 15 பிள்ளைகளைப் பற்றிய அவ்வாய்வு, உயிர்ச்சத்து டி குறைபாட்டோடு இந்நோய்க்குள்ள தொடர்பைச் சுட்டியது. பதினைவரைப் பற்றிய ஓர் ஆய்வு காரண காரியத்தை முடிவுசெய்யப் போதியதன்று. எனினும் ஒரே மூட்டு மிகையாலும் மெலியலாம், குறையாலும் மெலியலாம் என எண்ணுவதற்கு அது இடந்தருகின்றது. நோய் பற்றிய பொதுச் சித்திரம் எந்தச் சமூகத்தின் பிள்ளைகளிலிருந்து வரையப்பட்டது என்னும் வினாவையும் அது எழுப்புகின்றது.

சப்பிரகமுவத் தோட்டங்களுக்கு இவ்வினா அயலானதன்று. 2016ஆம் ஆண்டின் இலங்கைக் குடித்தொகை, சுகாதார மதிப்பாய்வின்படி, 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் அற்றோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேரளவில் இருக்க, தோட்டத்துறையில் நூற்றுக்கு 32 பேரளவில் இருந்தனர். இவ்வெண்ணிலிருந்து நழுவல் நோயின் அளவைப் பெற இயலாது. தோட்டத்துப் பிள்ளையின் என்பு கட்டிளமையின் பாரத்தை ஏற்கும் முன்னரே குறையோடு வளர்ந்தது என்பதை மட்டும் அது கூறும். மெலிந்த பிள்ளைக்கு இந்நோய் வராது என எண்ணி இருந்துவிடல் இங்கு ஏற்புடையதாகாது.

6. தோட்டத்து வைத்தியமும் உழைப்புச் சக்தியும்

தோட்டத்து வைத்திய ஏற்பாட்டின் வரலாற்றை நோக்கினால் தாமதத்தின் வேர் புலனாகும். 1872ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டமும், 1912ஆம் ஆண்டின் பிந்திய சட்டங்களும் தோட்டத் தொழிலாளருக்கு வைத்தியம் வழங்கும் கடப்பாட்டை உருவாக்கின. இச்சட்டங்கள் பயனற்றவை எனல் வரலாற்றுக்கு நேர்மையாகாது. பல உயிர்களை அவை காத்தன. ஆயின் அவற்றின் உள்ளார்ந்த தருக்கம் உழைப்புச் சக்தியைப் பேணுவதாகும். பெரட்டுக்கு வரவேண்டிய ஆளை வராமற் செய்யும் காய்ச்சலும் வயிற்றோட்டமும் அத்தருக்கத்திற்கு உடனே புலப்பட்டன. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் நொண்டல் அன்றைய கொழுந்தையோ அன்றைய இறப்பர்ப் பாலையோ குறைப்பதில்லை. எனவே அது புலப்படவில்லை.

நோயைச் சமூக நிலையோடு இணைத்து நோக்கிய மரபும் இம்மாகாணத்தின் மண்ணில் உண்டு. 1934–35இல் மலேரியாக் கொள்ளைநோய் கேகாலை மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியபோது, வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் சூரியமல் இயக்கத்தினரும் மருந்தோடும் உணவோடும் கிராமங்களுக்குச் சென்றனர். பட்டினி கிடந்த உடலிலேயே மலேரியா கொடிதாயிற்று என்பது அவர்கள் கண்ட உண்மை. 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியபோது, அதன் முன்னோடிகள் பலர் இவ்வனுபவத்தைப் பெற்றவர்களாயிருந்தனர். கிராமத்தில் தொடங்கிய அந்நோக்குத் தோட்டத்து லயங்களையும் முழுமையாகத் தழுவியிருக்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாட்டின் பொது வாழ்விலிருந்து பிரித்தது. பொதுச் சுகாதார சேவை கிராமத்தை அணுகிய வேகத்தில் தோட்டத்தை அணுகவில்லை.

1972, 1975 ஆகிய ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. கைகள் மாறின. எனினும் நோயுற்ற தோட்டத்துப் பிள்ளை முதலிற் செல்லுமிடம் பல இடங்களில் இன்றும் டிஸ்பென்சரியே. அங்கு எக்ஸ் கதிர்க் கருவி இல்லை. முழங்கால் நோவென்று வரும் பிள்ளைக்கு நோவு தணிக்கும் மாத்திரையும் தைலமும் கிடைக்கும். மாத்திரை நோவை ஓரளவு தணிக்கும்; நோவு தணிந்த பிள்ளை மேலும் நடக்கும்; நடக்க நடக்க நழுவல் மிகும். சிகிச்சை போலத் தோன்றுவது நோய்க்குத் துணையாகும் முரண்பாடு இது.

அடுத்த படி இரத்தினபுரிக்கோ கேகாலைக்கோ செல்லுதல். அரசாங்க வைத்தியசாலையிற் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. ஆயினும் இலவச சிகிச்சையை அடையும் வழி இலவசமன்று. தாயோ தந்தையோ உடன் செல்லவேண்டும். சென்றால் அன்றைய ‘பேர்’ இல்லை. 2021 மார்ச்சிலேயே குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,000 ரூபாவாயிற்று. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. முதல்நாள் சிட்டு, மறுநாள் கதிர்ப்படம், பிறிதொரு நாள் என்புச் சத்திர வைத்தியரின் கிளினிக்கு என வழி நீளுமாயின், மூன்று பேர்களும் மூன்று பஸ் பயணங்களும் கணக்கிடப்பட வேண்டும். பிள்ளை இன்னமும் நடந்து திரிகின்றதே என்னும் எண்ணம் அக்கணக்கோடு சேரும்போது பயணம் அடுத்த சம்பளத்துக்குத் தள்ளிப்போகின்றது. இதனைப் பெற்றோரின் அறியாமை என்று கூறி அமைதல் எளிது. குறைந்த கூலியில் வாழ்வோரின் கணக்கு இது; அறிந்த பெற்றோரும் இக்கணக்கையே போடவேண்டியவராவர்.

7. சொல்லின் சிக்கல்

வார்ட்டை அடைந்த பின்னரும் ஒரு தடை உண்டு. அது சொல்லின் தடை. அன்றாடத் தமிழில் ‘இடுப்பு’ என்பது பெரும்பாலும் அரையையும் முதுகின் அடிப்பகுதியையும் குறிக்கின்றது. இடுப்பு நோகின்றது என்றால் கேட்போர் முதுகையே நினைப்பர். ‘கால்’ என்பதோ பாதத்திலிருந்து தொடைவரை அனைத்தையும் தழுவும். தொடையென்பு குழியில் அமரும் மூட்டுக்கென மக்கள் வழக்கிற் தனிப்பெயர் எளிதிற் கிடைப்பதில்லை. தொடையிடுக்கு, கவட்டை முதலிய சொற்கள் உள்ளனவெனினும், கட்டிளமைப் பருவத்துப் பிள்ளை, சிறப்பாகப் பெண்பிள்ளை, அவற்றை அந்நியர் முன் உரைக்க நாணுவது இயல்பு. ஆகவே நோவு முழங்காலுக்கு இறங்குவதற்கு நரம்பு ஒரு காரணமெனில், சொல் மற்றொரு காரணமாகின்றது. கேட்கும் வைத்தியரோ தாதியோ தமிழறியாதவராயின், கடுப்பு, குடைச்சல், உளைச்சல், குத்தல் என்று தோட்டத்துத் தாய் வேறுபடுத்திக் கூறுவனவெல்லாம் ‘ரிதெனவா’ என்னும் ஒரே சிங்களச் சொல்லாகச் சுருங்கிவிடும்.

தமிழுக்குச் சத்திரசிகிச்சை பற்றிப் பேசும் வலுவில்லை எனக் கூறுதல் இயலாது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழ்மொழி மூலம் வைத்தியம் கற்பித்தார். டுறூயிற் என்பாரின் சத்திரசிகிச்சை நூலைத் தழுவிய ‘இரண வைத்தியம்’ 1867இலும், கிரேயின் உடற்கூற்று நூலைத் தழுவிய ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும் அவர் முயற்சியால் வெளிவந்தன. தோட்டங்களுக்கான வைத்தியத் தேவைகள் சட்டம் இயற்றப்பட்ட அதே 1872இல், மனித உடலின் என்புகளைத் தமிழில் விளக்கும் பெருநூலொன்று இத்தீவிலேயே இருந்தது. அந்நூலின் மொழி தோட்டத்து டிஸ்பென்சரியை எட்டவில்லை. குறை மொழியினதன்று, மொழிக்கும் உழைக்கும் மக்களுக்கும் இடையே நின்ற சமூக இடைவெளியினது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சிங்களத்தில் நிருவாகம் நடைபெறும் ஒரு மாகாணத்தில், சத்திரசிகிச்சைக்கான சம்மதப் பத்திரம் தாய்க்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டப்படும்போதே அத்திருத்தம் அத்தாயைப் பொறுத்தவரை நடைமுறைக்கு வந்ததாகும்.

8. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், தொடையென்புத் தலை நழுவலின் சத்திரசிகிச்சைக்கு வேண்டிய அறிவு உலகில் உண்டு. பிள்ளை நடக்கக்கூடிய நிலையில் வந்து சேருமாயின், சிகிச்சை ஒரு திருகாணியோடு அமையத் தக்கது. ஆகவே இந்நோயால் முடமாகும் பிள்ளைகளைக் காத்தலில் தோட்டத்து டிஸ்பென்சரிக்கும் பாடசாலைக்கும் உள்ள பங்கு சத்திரசிகிச்சைக் கூடத்தின் பங்கினும் குறைந்ததன்று. தோட்ட வைத்திய உதவியாளருக்குத் தொடையை மடக்கிப் பார்க்கும் பயிற்சி அளித்தல், ஐயமுற்ற பிள்ளையை அன்றே வாகனத்தில் அனுப்புதல், உடன் செல்லும் பெற்றோரின் நாட்பேரை இழக்காமற் காத்தல், வார்ட்டில் தமிழறிந்த ஒருவரை நிறுத்துதல் ஆகியன தொழிற்சங்கங்கள் கோரிக்கையாக முன்வைக்கத் தக்கவை. இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு வேண்டுவதன்று.

எம் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் செய்யத்தக்க பணியும் ஒன்றுண்டு. ஒவ்வொரு டிஸ்பென்சரியின் சுவரிலும் ஒவ்வொரு தோட்டப் பாடசாலையிலும் தொங்கவிடத் தக்க அறிவித்தலொன்றைத் தெளிந்த தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு வழங்கலாம். அதன் வாசகம் பின்வருமாறு அமையலாம்:

பத்து வயதிலிருந்து பதினாறு வயதுவரையான பிள்ளை நொண்டி நடந்தால், முழங்காலோ தொடையோ வலிக்கிறது என்று சொன்னால், இடுப்பு மூட்டையும் பார்க்க வேண்டும். பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்துத் தொடையை மடக்குங்கள். அது நேராக மடங்காமல் வெளிப்பக்கம் போனால், பிள்ளையை மேலும் நடக்கவிடாதீர்கள். தைலம் தேய்த்துக் காலை இழுக்காதீர்கள். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய், இரண்டு இடுப்புக்கும் எக்ஸ்றே எடுக்கும்படி கேளுங்கள்.